கேசரமும் கைகளும்

மலரைப் பாடாத புலவரைத் தமிழிலே காண்பது அரிது. நிலத்தையே செடிகொடிகளின் பெயரால் வகுத்த மரபு நம்முடையது. மலரின் நிறம், மணம், மென்மை, வாட்டம் ஆகிய யாவும் நம் இலக்கியத்திற் பேசப்பட்டுவிட்டன. ஆயினும் மலரின் தொழில் யாது என்று வினவினால், வண்டுக்குத் தேன் கொடுப்பது, கூந்தலுக்கு அணியாவது, கோயிலுக்கு மாலையாவது என்றே நம்மிற் பலர் விடையிறுப்பர். மலருக்குத் தனக்கென ஒரு தொழில் உண்டு என்பதும், அத் தொழில் தன் இனத்தைப் பெருக்குதல் என்பதும், அதன் ஆண்பாற் கருவி நடுவே நிற்கும் மஞ்சட்பொடி பூசிய சில இழைகளே என்பதும் பாடப்புத்தகத்திலே படித்து மறந்த செய்திகளாகிவிட்டன.

அவ்விழைகளைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம். நாடு இருக்கும் நிலையிற் பூவைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று கேட்கும் தோழர்கள் உளர். சற்றுப் பொறுத்துக் கேட்பாராயின், இவ்விழைகளின் வரலாறு மனித உழைப்பின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதை அவர்களும் ஒப்புக்கொள்வர்.

செவ்வரத்தம்பூவை எடுத்துக்கொள்வோம். வேலியோரங்களில் ஆண்டு முழுவதும் பூப்பது. பிள்ளைகள் பகுத்துப் பார்ப்பதற்கு இதனினும் வாய்ப்பான பூ வேறில்லை. பச்சைப் புல்லிகளையும் சிவந்த அல்லிகளையும் நீக்கினால், நடுவே நீண்டதொரு தண்டு நிற்கும். உண்மையில் அது தண்டன்று, குழல். பல கேசரங்களின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அக் குழலாகியிருக்கின்றன. அதன் மேற்பாகத்தில் இழைகள் தனித்தனியே பிரிந்து, ஒவ்வொன்றும் தன் நுனியிற் சிறுநீரக வடிவான மகரந்தக்கூடு ஒன்றைத் தாங்கி நிற்கின்றது. இவையெல்லாம் சேர்ந்ததே ஆணகம். குழலின் உள்ளே பெண்ணகத்தின் தம்பம் ஏறிச் சென்று, உச்சியில் ஐந்து குறிகளாக வெளிப்படுகின்றது.

கூடு வெடித்ததும் மகரந்தமணிகள் வெளிப்படுகின்றன. காற்றோ வண்டோ பறவையோ கொண்டுசென்ற மணியொன்று உரிய குறியில் விழுந்தால் அங்கே முளைக்கின்றது. மெல்லிய குழாயொன்று தம்பத்தினூடே இறங்கி, இரண்டு ஆண்புணரிகளைச் சூல்வித்தினிடம் கொண்டுசேர்க்கின்றது. ஒன்று முட்டையோடு கூடி முளையமாகின்றது. மற்றையது வேறொரு கலத்தோடு கூடி, அம் முளையத்துக்கு உணவாகும் இழையத்தைத் தோற்றுவிக்கின்றது. நெல்லிலே அவ்விழையந்தான் அரிசியின் வெண்மையான பகுதி. நாம் நாள்தோறும் உண்ணும் சோறு, கண்ணுக்குப் புலனாகாத ஒரு கேசரத்துகளின் இரண்டாவது சேர்க்கையால் விளைந்தது. வயிற்றுக்கும் பூவுக்கும் உள்ள உறவு இத்துணை நெருக்கமானது.

இவ்வுறுப்புகளுக்கு நாம் வழங்கும் சொற்களும் சிந்தனைக்குரியவை. கேசரம் என்னும் வடசொல் பிடரிமயிரையும் பூவின் இழையையும் ஒருங்கே குறிப்பது. மகரந்தம் என்பது வடமொழியிற் பூந்தேனுக்கு உரிய சொல். பூந்துகளுக்கு அங்கு பராகம் என்று பெயர். தமிழிலே விஞ்ஞானம் எழுதப் புகுந்தபோது தேனின் பெயர் துகளுக்காயிற்று. நம் பழம்புலவரோ இத் துகளைத் தாது என்றனர். அகராதியைப் புரட்டினால், தாது என்பது பூந்துகளுக்கும், மண்ணிலிருந்து எடுக்கும் உலோக மூலப்பொருளுக்கும், உடலின் விந்துக்கும் வழங்கும் சொல்லாக இருக்கக் காணலாம். வடமொழி இலக்கணிகள் வினையின் வேரையும் தாது என்றே அழைத்தனர். எதிலிருந்து பிறிதொன்று உருவாகின்றதோ அது தாது. விஞ்ஞானம் பின்னர் பரிசோதித்து நிறுவியதை மொழி எவ்வாறோ ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கின்றது.

ஆனால் அச் சொல்லை வகுப்பறையில் உச்சரிப்பது எளிதன்று. நாம் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலையொன்றில், இனப்பெருக்கம் பற்றிய அலகை விரிவாகக் கற்பிக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் வீட்டில் வாசித்துக்கொள்வார்கள் என்று விஞ்ஞான ஆசிரியைக்கு மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டது. மனித உடலைப் பற்றிய பகுதிக்குத்தான் இத் தடை என்று எண்ணினோம். பூவைப் பற்றிய பகுதியும் அதனோடு சேர்ந்து போயிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆண் என்ற சொல்லும் பெண் என்ற சொல்லும் ஒரே படத்தில் வரக்கூடாது என்பது அங்கிருந்த பெரியோரின் கொள்கை போலும்.

அதே ஆண்டில் நமது தமிழ் வகுப்பிலே, பழம்பாடலொன்றைக் கற்பிக்கையில், மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, தாது எண்டால் என்ன?" என்று கேட்டாள். பின்வரிசையிற் சிரிப்பொலி எழுந்தது. நாம் ஒருவனை வெளியே அனுப்பி, வேலியிலிருந்து நான்கைந்து செவ்வரத்தம்பூக்களைப் பறித்துவரச் சொன்னோம். பூ கைக்குக் கை மாறிற்று. விரல்களில் மஞ்சட்பொடி ஒட்டிற்று. இதுதான் தாது என்றோம். அதன் தொழிலையும் உள்ளவாறே விளக்கினோம். சிரிப்பு அடங்கிவிட்டது. சிலர் மகரந்தக்கூடுகளை எண்ணத் தொடங்கினர். முன்வரிசைச் சிறுவன் ஒருவன், "எங்கட வளவில நிண்ட ஆண் பப்பாசியை அப்பா தறிச்சுப்போட்டார் ஐயா, அது காய்க்காதெண்டு" என்றான். மற்றொருத்தி பனையைப் பற்றிச் சொன்னாள்: ஆண்பனையும் பெண்பனையும் பாளை விடும்போதுதான் வேறு தெரியும் என்று. சற்றுமுன் சிரித்த வகுப்புக்கு விடயம் முன்னமே தெரிந்திருந்தது. வீட்டிலும் தோட்டத்திலும் தெரிந்திருந்ததைப் பாடசாலையிலே தெரியாததாகக் காட்டிக்கொள்ளவே அவர்கள் பழக்கப்பட்டிருந்தனர்.

இந்நாணம் நமக்கு மட்டும் உரியதன்று. தாவரங்களுக்கும் ஆண் பெண் உண்டென்பதைப் பரிசோதனையால் நிறுவியவர்களுள் முதல்வராகக் கருதப்படும் கமராரியஸ், ஜேர்மனியின் டியூபிங்கன் நகரில் வாழ்ந்தவர். 1694 ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆமணக்கின் ஆண்பூக்களை, கூடு விரியுமுன்னரே கிள்ளியெறிந்து பார்த்தார். முளைக்கத்தக்க வித்து உண்டாகவில்லை. நாற்பது ஆண்டுகளின் பின், 1735 இல், சுவீடன் நாட்டவரான லின்னேயஸ் தாவரவுலகத்தை 24 வகுப்புகளாகப் பிரித்தார். கேசரங்களின் தொகையும் அமைப்புமே அப் பிரிவினைக்கு முதன்மையான அடிப்படை. ஒரு கேசரமுடைய பூவை ஒரு கணவன் உடையது என்றும், இரண்டுடையதை இரு கணவர் உடையது என்றும் பொருள்படும் கிரேக்கப் பெயர்களால் அவர் அழைத்தார். சமயப் பற்றுடையோர் கொதித்தெழுந்தனர். புனித பீற்றர்ஸ்பேர்க் நகரிலிருந்த சீகஸ்பெக் என்ற தாவரவியலாளர், கடவுள் இத்தகைய ஒழுக்கக்கேட்டைப் பூக்களிடத்து ஒருபோதும் அனுமதித்திரார் என்ற கருத்துப்பட 1737 இல் எழுதினார். மனிதரின் குடும்ப ஒழுக்கத்தைப் பூவின்மேல் ஏற்றியவர் லின்னேயஸ். அவ்வாறு ஏற்றியதைக் கண்டு பூவையே வெறுத்தவர் அவரது எதிரி. பூவோ இருவரையும் அறியாது பூத்துக்கொண்டிருந்தது.

நம் தீவுக்கும் இவ் வரலாற்றில் ஓரிடம் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக 1672 இல் இங்கு வந்த ஹேர்மன் என்பவர், இந்நாட்டுச் செடிகொடிகளைப் பறித்து உலர்த்திச் சேகரித்தார். அச் சேகரிப்பு பல கைகள் மாறி லின்னேயசிடம் சேர்ந்தது. அவர் அவற்றின் கேசரங்களை எண்ணி வகுப்புப் பிரித்து, 1747 ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் இத் தீவில் ஒருநாளும் காலடி வைத்தவரல்லர். ஹேர்மனின் ஏடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. செடிகளின் உள்ளூர்ப் பெயர்களும் அச் சேகரிப்பிற் குறிக்கப்பட்டுள்ளன. அப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்த வாய்கள் இந்நாட்டு மக்களுடையவை. பூவின் பெயர் ஏட்டில் ஏறிற்று. சொல்லிக்கொடுத்தவர் பெயரை எவர் தேடுவார்?

லின்னேயசின் செவ்வரத்தை எவ்வகுப்பில் இருந்தது என்பதையும் கூறிவிடுவோம். இழைகள் ஒன்றாய் ஒட்டிய பூக்களுக்கு அவர் இட்ட பெயர் மொனடெல்பியா. ஒரே சகோதரக் கூட்டம் என்பது அதன் பொருள். பருத்தியும் அதே வகுப்பைச் சேர்ந்தது. கேசரங்களை எண்ணிப் பிரிக்கும் அவ் வகுப்புமுறை பின்னர்க் கைவிடப்பட்டது. ஆனால் பருத்தியும் செவ்வரத்தையும் ஒரே குடும்பம் என்ற முடிவு இன்றும் நிலைக்கின்றது. இவ்வுறவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏடறிந்தோர் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருக்க, ஏடறியாதோர் கேசரத்தின் பயனை என்றோ கண்டிருந்தனர். பபிலோனிய மன்னன் கமுராபியின் சட்டத்தொகுப்பு ஏறத்தாழ 3,750 ஆண்டுகள் பழமையானது. பேரீச்சந் தோட்டத்தில் ஆண்மரத்தின் துகளைப் பெண்மரத்துக்குச் சேர்க்கும் வேலைக்காக ஒருவனிடம் தோட்டத்தை ஒப்படைத்தால் விளைவை எவ்வாறு பங்கிடுவது என்று அதிலே விதிக்கப்பட்டுள்ளது. மூன்றில் இரண்டு பங்கு நிலத்துக்கு உரியவனுக்கு. ஒரு பங்கு மரத்திலேறிப் பாடுபட்டவனுக்கு. கேசரத்தைப் பற்றி மனிதன் எழுதிவைத்த மிகப் பழைய செய்திகளுள் ஒன்று குத்தகைச் சட்டமாக இருப்பது நமக்கு வியப்பளிக்கவில்லை.

நம் வீட்டுக் கொல்லையில் ஆச்சி பூசினி நட்டிருந்தார். மாரி காலத்தில் வண்டு வரத்துக் குறைந்து பிஞ்சுகள் வெம்பி உதிரும். அந்நாட்களில் ஆச்சி விடிந்ததும் விடியாததுமாகக் கொடிப்பக்கம் போவார். நீண்ட காம்புள்ள ஆண்பூவொன்றைப் பறித்து, இதழைச் சுருட்டிக் கீழே தள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சட் காம்பைப் பிஞ்சு தாங்கிய பூவின் உள்ளே மெல்லத் தொட்டுவிடுவார். வெயில் ஏறுமுன் செய்யவேண்டும், பிறகு பூ வாடிவிடும் என்பார். அவர் பாடசாலைக்குப் போனவரல்லர். கமராரியசின் பெயரைக் கேட்டிருக்க நியாயமில்லை. இன்று தாவரவியல் நூல்களைப் புரட்டும்போது, அவர் செய்ததற்குக் கைமுறை மகரந்தச்சேர்க்கை என்ற நீண்ட பெயர் இருப்பதைக் காண்கின்றோம்.

பூசினிக் கொடியிலிருந்து உலகச் சந்தைவரை சென்ற ஒரு சிறுவனின் கதையை இவ்விடத்திற் சொல்ல வேண்டும். இந்து சமுத்திரத்தின் தென்மேற்கே, அக்காலத்திற் பூர்பன் என்று வழங்கிய ரியூனியன் தீவு பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்தது. கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் நிறைந்த தீவு. 1829 இல் அங்கே சென்ற் சூசான் என்ற ஊரில் அடிமைத் தாய்க்கு எட்மண்ட் பிறந்தான். பிரசவத்திலேயே தாய் இறந்தாள். அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே எட்மண்ட் என்பதே அவன் முழுப்பெயர். பெலியே போமொன் என்ற தோட்டக்காரர் அவனது எசமானர். செடிகளில் ஈடுபாடுள்ள அவர், பூசினிக் குடும்பத்துக் கொடியொன்றில் ஆண்பூவையும் பெண்பூவையும் கையாற் சேர்க்கும் முறையை அவனுக்குக் காட்டியிருந்தார்.

அத் தோட்டத்திலே வனிலாக் கொடியொன்றும் இருந்தது. வனிலா மெக்சிக்கோ நாட்டுத் தாவரம். பிற நாடுகளுக்குக் கொண்டுசென்ற கொடிகள் தழைத்தன, பூத்தன, காய்க்கவில்லை. காரணம் அதன் கேசரத்தின் அமைப்பிலே இருந்தது. வனிலா ஓர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஒரே மகரந்தக்கூடு தம்பத்தோடு ஒன்றி நிற்கின்றது. கூட்டுக்கும் குறிக்கும் இடையே உள்நாக்குப் போன்ற மெல்லிய திரையொன்று தொங்குகின்றது. ஆணும் பெண்ணும் ஒரே பூவில், ஒரு நெல்மணி அளவு இடைவெளியில் இருந்தும், திரையை நீக்குவார் இன்றேல் சேர்க்கை இல்லை. பூவோ ஒரு நாளிலேயே வாடிவிடும். பெல்ஜியம் நாட்டின் லியேஜ் நகரில் மொறன் என்ற பேராசிரியர் 1836 இல் கண்ணாடி வீட்டில் வளர்த்த கொடியைச் செயற்கையாகக் காய்க்கச் செய்தார். ஆனால் அவரது முறை தோட்டங்களுக்குப் பரவவில்லை.

1841 ஆம் ஆண்டில் எட்மண்டின் எசமானர் தம் வனிலாக் கொடியிற் காய்கள் தொங்குவதைக் கண்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவன், தானே அதைச் செய்ததாகக் கூறினான். அவர் நம்பவில்லை. செய்துகாட்டு என்றார். சிறுவன் பூவின் இதழைப் பிளந்து, மெல்லிய ஈர்க்குப் போன்ற குச்சியால் அத் திரையை உயர்த்தி, பெருவிரலால் மகரந்தத் திரளைக் குறியின்மேல் அழுத்தினான். அவ்வளவே. சில வினாடி வேலை. அயற் தோட்டக்காரர்கள் அவனை அழைத்துத் தங்கள் அடிமைகளுக்கும் கற்பிக்கச் செய்தனர். சில பத்தாண்டுகளில் ரியூனியன் உலக வனிலா வணிகத்தில் முன்னணிக்கு வந்தது. பின்னர் அத்தொழில் மடகஸ்காருக்குப் பரவி, இன்று அந்நாடே உலகின் மிகப் பெரிய வனிலா உற்பத்தி நாடாக விளங்குகின்றது. அங்கும் ஒவ்வொரு பூவும் எட்மண்டின் முறைப்படி மனிதக் கையாலேயே தொடப்படுகின்றது.

எட்மண்டுக்குக் கிடைத்தது யாது? 1848 டிசம்பரில் அத் தீவில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை ஒட்டியது அப்பெயர். கறுத்த மனிதனுக்கு அதைச் சூட்டியவர்களின் உள்ளத்தை நாம் ஆராய வேண்டியதில்லை. அடிமைகளை இழந்ததற்காக எசமானர்க்கு 1849 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு இழப்பீடு வழங்கிற்று. இழந்த உழைப்புக்காக அடிமைகளுக்கு எதுவும் வழங்கப்படவில்லை. நகரத்திலே கூலிவேலைக்குச் சென்ற எட்மண்ட், நகைத் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டான். அவனால் இத் தீவு அடைந்த செல்வத்தை எண்ணிப்பாருங்கள் என்று பழைய எசமானரே அதிகாரிகளிடம் மன்றாட, தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கப்பட்டான். அம் முறையை அவனுக்குக் கற்பித்தவன் நானே என்று உரிமை கொண்டாட றிச்சாட் என்ற தாவரவியலாளர் முன்வந்தார்; அதையும் எசமானர் மறுத்தெழுதினார். ஒரு பன்னிரண்டு வயது அடிமை இதனைக் கண்டுபிடித்திருக்க இயலாது என்று கருதியோர் பலர். 1880 இல், பிறந்த ஊரிலேயே, வறுமையில் அவன் இறந்தான்.

எசமானர் நல்லவராய் இருந்தார் என்பதை மறுக்கவில்லை. அவர் எழுதிய கடிதங்கள் இல்லாவிடின் இன்று எட்மண்டின் பெயரே நமக்கு எட்டியிராது. ஆனால் ஒருவனது அறிவுக்குப் பிறனொருவனின் நல்லெண்ணமே சான்றாக வேண்டிய அமைப்பு எத்தகையது என்பதே கேள்வி. கொடி எசமானருடையது, நிலம் எசமானருடையது, பெருவிரலும் எசமானருடையது என்றே சட்டம் சொல்லிற்று.

அது பழங்கதை, அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்று ஆறுதலடைவோர்க்காகப் பருத்தியின் கதையைச் சொல்கின்றோம். பருத்திப்பூ ஒரே பூவில் ஆணகமும் பெண்ணகமும் கொண்டது. பெரும்பாலும் தன் துகளாலேயே காய்ப்பது. இருவேறு இனங்களைக் கலந்து கலப்பின விதை பெறவேண்டின், தாயாகும் செடியின் ஒவ்வொரு பூவிலிருந்தும் கேசரங்களை முன்னதாகவே நீக்க வேண்டும். குஜராத் மாநிலத்தின் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி. ரி. பட்டேல் உருவாக்கிய கலப்பினப் பருத்தி 1970 இல் வெளியிடப்பட்டது. வணிக அளவிற் பயிரிடப்பட்ட முதற் கலப்பினப் பருத்தி அதுவே. விளைவு பெருகியது. விதைத் தேவையும் பெருகியது. விதைக்கு வேண்டிய கைகளும் பெருகின.

வேலை இதுதான். மறுநாட் காலை விரியவிருக்கும் மொட்டை முதல்நாட் பிற்பகலிலேயே இனங்கண்டு, பெருவிரல் நகத்தால் அடியிற் கீறி, இதழோடு கேசரக் குழலையும் சேர்த்துத் திருகி உரித்தெடுக்க வேண்டும். உள்ளேயுள்ள தம்பம் சிதையக்கூடாது. ஒரு கூடேனும் தங்கிவிடக்கூடாது. மறுநாட் காலையில், தந்தைச் செடியின் பூவைப் பறித்து வந்து, வெறுமையாய் நிற்கும் குறியிலே தடவ வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு, நாள்தோறும், செடி செடியாக, பூப் பூவாக இது நடக்க வேண்டும். ஒரே சகோதரக் கூட்டம் என்று லின்னேயஸ் பெயரிட்ட அதே குழல். நம் மாணவர் கைக்குக் கை மாற்றிப் பார்த்த செவ்வரத்தையின் குழலுக்கு உடன்பிறப்பு.

இவ்வேலையை யார் செய்தனர்? ஆந்திரத்திலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் கலப்பினப் பருத்தி விதை வயல்களிற் பெருந்தொகையான பிள்ளைகள், அவர்களுள்ளும் பெரும்பாலோர் சிறுமியர், உழைத்ததை 1990களின் இறுதி தொடங்கி ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தனர். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். தாழ்த்தப்பட்ட சாதியினர், பழங்குடியினர், நிலமற்றோர் வீட்டுப் பிள்ளைகள். பருவம் தொடங்குமுன்னே பெற்றோருக்கு முற்பணம் கொடுக்கப்படும். அக் கடன் தீரும்வரை பிள்ளை வயலுக்கு. பூச்சிமருந்து தெளித்த செடிகளிடையே நாள் முழுவதும் நிற்க வேண்டும். பாடசாலைப் பதிவேட்டில் அவள் பெயருக்கெதிரே வரவில்லை என்ற குறி மட்டும் விழும். வயலுக்கு உரிய விவசாயி விதை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவன். விலையை நிர்ணயிப்பது நிறுவனம். அவ்விலையிற் பெரியவர்க்குரிய கூலி கொடுக்க இயலாது என்பது விவசாயியின் வாதம். சங்கிலியின் மேல்முனையில் இருந்தோர் நெடுங்காலம் தங்களுக்கும் இப் பிள்ளைகளுக்கும் தொடர்பில்லை என்றே கூறிவந்தனர். போராட்டங்களின் பின்னும் கண்டனங்களின் பின்னும் நிலை ஓரளவு திருந்தியுள்ளது. தீமை முற்றாக ஒழிந்துவிடவில்லை.

சிறுமியரை ஏன் வேலைக்கு அமர்த்துகின்றீர் என்று கேட்டபோது கொடுக்கப்பட்ட விடை ஆராயத்தக்கது. அவர்களுடைய விரல்கள் நுண்மையானவை, செடியின் உயரத்துக்கு அவர்களுடைய உயரம் பொருந்துகின்றது, சொன்னதைக் கேட்பார்கள். இவ் விடையை நாம் வேறிடத்திலும் கேட்டிருக்கின்றோம். நமது மலையகத்திலே கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்களின் விரலே ஏற்றது என்று தோட்டத் துரைமார் காலங்காலமாகச் சொல்லிவந்த நியாயமும் இதுவே. நுண்ணிய விரல் என்பது குறைந்த கூலிக்கு இட்ட அழகிய பெயர்.

கையுழைப்பை ஒழித்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்றும் எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவிலே சோளப் பயிரின் உச்சியில் நிற்கும் ஆண்பூங்கதிரை ஒவ்வொரு செடியிலும் ஒடிப்பதற்குக் கோடைதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர் வேண்டியிருந்தனர். அச் செலவை மிச்சப்படுத்த, டெக்சாஸ் வகை என்ற, கேசரம் மலடான சோளத்தை விதை நிறுவனங்கள் தாய்ச்செடியாக்கின. 1970 ஆம் ஆண்டளவில் அந்நாட்டுச் சோளத்திற் பெரும்பகுதி அவ்வொரே மலட்டுத் தன்மையைத் தாங்கி நின்றது. அவ்வாண்டு இலைக்கருகல் நோய் ஒன்று பரவிற்று. கேசரத்தை மலடாக்கிய அதே பண்பு செடியை அந்நோய்க்கு இரையாக்கிற்று. நாட்டின் சோள விளைவில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது. மறுபடியும் வயலுக்கு இளைஞரை அழைத்தனர். கூலியை மிச்சப்படுத்தும் அவசரத்தில் ஒரு நாட்டின் பயிர் முழுவதையும் ஒரே அச்சில் வார்த்ததன் பயன் இது.

விஞ்ஞானத்தின்மேற் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. கேசரத்தை நீக்கும் அதே செயல் மக்களுக்குத் துணைநின்றதும் உண்டு. நம் நாட்டிற் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தினர், முருங்கைக்காயன் என்னும் இந்நாட்டு நெல்லையும் இந்தோனேசியாவிலிருந்து வந்த மாஸ் என்னும் நெல்லையும் கலந்து, 1950களின் இறுதியில் எச்-4 என்ற இனத்தை வெளியிட்டனர். நெற்பூவில் ஆறு கேசரங்கள் உண்டு. கலப்புச் செய்யும்போது, உமியை நறுக்கி, அவ்வாறினையும் அகற்றியபின்பே அயற்பூவின் துகளைத் தூவ வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் பொறுமையைக் கேட்கும் வேலை. பல தலைமுறை தெரிந்தெடுத்து நிலைப்படுத்திய அந்நெல்லை, ஒருமுறை பெற்ற கமக்காரன் தன் விளைவிலிருந்தே அடுத்த போகத்துக்கு விதையெடுக்க முடிந்தது. கலப்பினப் பருத்தியிலோ இது இயலாது. மறுதலைமுறையிற் பண்புகள் சிதறிவிடும். ஆண்டுதோறும் பணத்தோடு கடை வாசலில் நிற்க வேண்டும். இரண்டிடத்திலும் நீக்கப்பட்டவை கேசரங்களே. ஓரிடத்தில் வித்து கமக்காரனின் கோர்க்காலிக்குச் சென்றது. மற்றையிடத்தில் அவன் வித்துக்குக் கடனாளியானான். வேறுபாடு பூவிலே இல்லை. ஆராய்ச்சி யாருக்காக, யாருடைய பணத்தில் நடந்தது என்பதிலே இருக்கின்றது.

ஆசிரியர்களாகிய நாம் இதிலிருந்து பெறவேண்டியவை இரண்டு. முதலாவது, இப் பாடத்தை ஒளிக்காமற் கற்பிக்க வேண்டும். பூவின் ஆணகத்தைச் சொல்ல நாணும் வகுப்பறையில், தன் உடலைப் பற்றிய ஐயத்தை ஒரு பிள்ளை எங்ஙனம் கேட்கும்? கேட்க இயலாத பிள்ளையை ஏமாற்றுவதும் எளிது, சுரண்டுவதும் எளிது. இரண்டாவது, பாடத்தை இழையோடும் கூட்டோடும் நிறுத்திவிடலாகாது. இழை, கூடு, துகள் என்று பெயர் குறிக்கும் மாணவன், அத் துகளைத் தொட்ட விரல்களையும் அறிய வேண்டும். பருத்தி வயலிற் குழலை உரித்த சிறுமியும் அவனுடைய வயதினளே. அவளுக்கும் கரும்பலகைமுன் ஓரிடம் இருந்திருக்க வேண்டும்.

இலக்கியம் கற்பிப்போர்க்கும் இதில் வேலை உண்டு. தாது உண்ணும் வண்டை விளக்கும்போது, தாது சேர்த்த மனிதரையும் விளக்கலாம். அதனால் பாட்டின் சுவை குன்றிவிடாது. விஞ்ஞான ஆசிரியர் கேசரத்தின் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது, அதன் ஓரத்தில் 1841 என்ற ஆண்டையும் எட்மண்ட் என்ற பெயரையும் எழுதிவைக்கட்டும். அது பாடத்துக்குப் புறம்பானது என்று சொல்ல எவருக்கும் நியாயமில்லை.